கார்ல் கொல்லர்

கார்ல் கொல்லர் (டிசம்பர் 3, 1857 – மார்ச் 21, 1944) ஆஸ்திரியப் பேரரசில் பிறந்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய கண் மருத்துவர் ஆவார். நோயாளியின் நினைவை இழக்கச் செய்யாமல், உடலின் ஓர் இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவை மருத்துவம் செய்ய இயலும் என்பதை 1884ஆம் ஆண்டு இவர் மெய்ப்பித்தார். கோக்கைன் கரைசலைக் கண்ணில் சொட்டி இவர் செய்த சோதனைகளே இன்றைய மேற்பூச்சு மரப்பு மருந்துகள் அனைத்துக்கும் தொடக்கமாகும். பல் மருத்துவர் ஈறில் போடும் ஊசி, கண் மருத்துவமனையில் விடப்படும் சொட்டு மருந்து, வலியுள்ள இடத்தில் தடவும் களிம்பு ஆகியவை இந்த வழியில் வந்தவை. இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்தபோது கொல்லருக்கு வயது 26. தாம் விரும்பிய பணியை வியன்னாவில் அவர் இறுதிவரை பெறவில்லை.

இவரது பெயர் தமிழில் இரும்பு வேலை செய்வோரைக் குறிக்கும் சொல்லோடு ஒத்திருப்பது தற்செயலே. ஜெர்மன் ஒலிப்புக்கு இதுவே நெருக்கமான எழுத்துக்கூட்டல் என்பதால் இங்கு அவ்வாறே தரப்படுகிறது.

இளமைக் காலம்

கொல்லர் பொகீமியாவில் உள்ள சூட்டன்ஹோபன் என்னும் சிற்றூரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். இவ்வூர் இன்று செக் குடியரசில் சுசித்சே என்ற பெயரில் உள்ளது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பின்னர் குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1882இல் பட்டம் பெற்றார்.

மாணவராக இருக்கும்போதே சாலமன் ஸ்டிரிக்கர் என்ற பேராசிரியரின் சோதனை நோயியல் ஆய்வகத்தில் பணியாற்றி, கோழிக் கருவின் வளர்ச்சி குறித்து ஆய்வு செய்தார். விலங்குகளின் மீது முறையாகச் சோதனை செய்யும் பழக்கம் இவருக்கு இங்குதான் கிடைத்தது. வெறும் மருத்துவராக மட்டும் பயிற்சி பெற்றிருந்தால் 1884இல் கையில் கிடைத்த வெண்தூளை அவர் என்ன செய்திருப்பார் என்பது ஐயமே.

பட்டம் பெற்றபின் வியன்னாப் பொது மருத்துவமனையில் இளநிலை மருத்துவராகச் சேர்ந்தார். அம்மருத்துவமனையின் கண் பிரிவில் உதவியாளர் பணியைப் பெறுவதே அவரது குறிக்கோளாக இருந்தது. அன்றைய வியன்னாவில் அத்தகைய பணிக்குப் போட்டி மிகுதி. கவனத்தை ஈர்க்கும் ஆய்வு ஒன்றைச் செய்தவருக்கே வாய்ப்பு என்பது பொதுவான நிலை.

அக்காலக் கண் அறுவை மருத்துவம்

ஈதர் 1846இலும் குளோரோபார்ம் 1847இலும் அறுவை மருத்துவத்தில் புகுந்து, வலியின் கொடுமையைப் பெருமளவு குறைத்துவிட்டன. ஆனால் கண் மருத்துவர்களுக்கு அவற்றால் கிடைத்த பயன் குறைவு. முழு மயக்கத்திலிருந்து தெளியும் நோயாளி பெரும்பாலும் வாந்தி எடுப்பார். கண்ணைத் திறந்து செய்த அறுவைக்குத் தையல் போடும் வழக்கம் அன்று பெரும்பாலும் இல்லை. ஓங்கரிப்பின் அழுத்தத்தில் புண் பிளந்து கண்ணின் உள்ளிருப்பவை வெளியே வந்துவிடும் இடர் இருந்தது. மேலும், மேலே பார், கீழே பார் என்று மருத்துவர் சொல்வதைக் கேட்டு ஒத்துழைக்க நோயாளி விழித்திருக்க வேண்டியிருந்தது. மயக்க மருந்தின் முகமூடியும் அதைப் பிடித்திருப்பவரின் கையும் மருத்துவர் வேலை செய்யவேண்டிய முகத்தின் மீதே இருந்தது மற்றோர் இடையூறு.

ஆகவே பல கண் அறுவைகள் மயக்கம் ஏதுமின்றியே நடந்தன. கார்னியா எனப்படும் கருவிழிப் படலம் உடலில் நரம்பு முனைகள் மிக நெருக்கமாக அமைந்த திசுக்களுள் ஒன்று. ஒரு தூசி விழுந்தாலே தாங்கமாட்டாத அவ்விடத்தில் கத்தி வைக்கும்போது நோயாளியை நால்வர் பிடித்துக்கொள்வதும், அவர் இமைப்பதற்குள் வேலையை முடிப்பதும் மருத்துவரின் திறமையாகக் கருதப்பட்டன.

வியன்னாக் கண் பிரிவின் தலைவராக இருந்த பெர்டினாண்டு வான் ஆர்ல்ட்டின் விரிவுரைகள் வழியாக இந்தக் குறை கொல்லரின் மனத்தில் பதிந்தது. கண்ணின் மேற்பரப்பை மட்டும் மரத்துப்போகச் செய்யும் பொருள் ஒன்று வேண்டும் எனக் கருதி, மார்பின், குளோரல் ஐதரேட்டு, புரோமைடு ஆகியவற்றை விலங்குகளின் கண்ணில் இட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அம்முயற்சியைச் சில காலம் கைவிட்டார். எனினும் எதைத் தேடுகிறோம் என்பதில் அவருக்குத் தெளிவு இருந்தது.

கோக்கைன்

தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைவாழ் மக்கள் கோகா இலையைச் சுண்ணாம்பு போன்ற காரப் பொருளுடன் மென்று வந்தனர். நம் ஊரில் வெற்றிலையுடன் சுண்ணாம்பு சேர்ப்பதை இது நினைவூட்டும். ஆனால் இரு செடிகளுக்கும் தொடர்பு இல்லை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட்டு நீமன் என்ற வேதியியல் மாணவர் இவ்விலையிலிருந்து கோக்கைனைப் பிரித்தெடுத்து 1860இல் அறிவித்தார். அதைச் சுவைத்தால் நாக்கு மரத்துப்போகும் என்பதையும் அவர் அப்போதே எழுதினார். ரஷ்யரான வாசிலி வான் அன்ரெப் 1880இல் தம் தோலுக்கு அடியில் கோக்கைனை ஏற்றிக்கொண்டு, அவ்விடத்தில் ஊசி குத்துவது தெரியவில்லை எனப் பதிவு செய்தார்.

அதாவது மரத்துப்போகும் பண்பு கால் நூற்றாண்டாக அச்சில் இருந்தது. வலியற்ற அறுவைக்கான தேவை அதைவிட நெடுங்காலமாக இருந்தது. இவ்விரண்டையும் இணைத்து அறுவையில் நடைமுறைப்படுத்தியவர் எவரும் இல்லை என்பது அறிவியல் வரலாற்றின் வியப்புகளுள் ஒன்றாகும்.

பின்னாளில் உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் புகழ்பெற்ற சிக்மண்டு பிராய்டு அன்று அதே மருத்துவமனையில் இளம் மருத்துவர். கொல்லரின் நண்பரும் ஆவார். பிராய்டு 1884இல் டார்ம்ஸ்டாட் நகரின் மெர்க் நிறுவனத்திலிருந்து கோக்கைனை வரவழைத்து, சோர்வு, மனத்தளர்ச்சி, மார்பின் அடிமைநிலை ஆகியவற்றுக்கு அது மருந்தாகுமா என ஆராய்ந்தார். அவ்வாண்டு ஜூலையில் கோகா பற்றிய அவரது கட்டுரை வெளிவந்தது. அதன் முடிவில் மரக்கச் செய்யும் பண்பால் வேறு பயன்களும் கிட்டலாம் என்ற குறிப்பு உண்டு. கோக்கைன் உட்கொண்டால் தசைவலிமை கூடுகிறதா என்பதை அளக்கும் சோதனைகளில் கொல்லரும் பங்கேற்றார். பிறகு பிராய்டு தம் வருங்கால மனைவியைக் காண வடஜெர்மனிக்குச் சென்றுவிட்டார்.

தவளையின் கண்

அக்காலத்தில் உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர் கோக்கைனைச் சிறிது நாவில் இட்டு, நாக்கு மரக்கிறது என்றார். மற்றவர்களும் இதை முன்னரே கவனித்ததுண்டு. கொல்லருக்கோ தாம் தேடிய பொருள் தம் சட்டைப் பையிலேயே இருக்கிறது என்பது அக்கணத்தில் விளங்கியது. உடனே ஸ்டிரிக்கரின் ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கிருந்த உதவியாளர் குஸ்டாவ் கேர்ட்னர் இந்நிகழ்வுக்குச் சான்றாக இருந்து பின்னாளில் அதனை விவரித்துள்ளார்.

வெண்தூளைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, ஒரு தவளையின் ஒரு கண்ணில் மட்டும் சொட்டினர். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் அக்கண்ணின் கருவிழியைத் தொட்டாலும், கீறினாலும் தவளை அசையவில்லை. மருந்து விடாத மறுகண்ணை இலேசாகத் தொட்டதும் துள்ளியது. ஒரே உயிரியின் இரு கண்களையும் ஒப்பிட்டதால், விளைவு மருந்தினால்தான் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அடுத்து முயலிலும் நாயிலும் அதையே செய்தனர். பின்னர் இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் சொட்டிக்கொண்டு, கண்ணாடியின் முன் நின்று குண்டூசியின் தலையால் தம் கருவிழியைத் தொட்டுப் பார்த்தனர். தொடுவது தெரியவில்லை.

செப்டெம்பர் 11, 1884 அன்று கொல்லர் இம்முறையில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கண் அறுவை செய்தார். நான்கே நாட்களில், செப்டெம்பர் 15 அன்று, ஹைடல்பர்க் நகரில் ஜெர்மன் கண் மருத்துவர்களின் மாநாடு கூடியது. அங்கு செல்லும் பயணச் செலவுக்குக் கொல்லரிடம் பணம் இல்லை. திரியெஸ்தே நகரைச் சேர்ந்த யோசப் பிரெட்டவர் என்ற கண் மருத்துவர் அவரது சுருக்கமான அறிக்கையைப் படித்தார். நோயாளி ஒருவரிடம் செய்தும் காட்டப்பட்டது. கூட்டத்தில் இருந்த நியூயார்க் மருத்துவர் ஹென்றி நாய்சு எழுதிய கடிதம் அக்டோபர் 11 அன்று அமெரிக்க மருத்துவ இதழில் வெளிவந்தது. கொல்லர் வியன்னா மருத்துவர் கழகத்தில் தம் விரிவான உரையை ஆற்றியது அக்டோபர் 17 அன்றுதான். கண்டுபிடித்தவர் தம் ஊரில் பேசுவதற்கு முன்பே செய்தி கடல் கடந்துவிட்டது.

முன்னுரிமைச் சிக்கல்

கோக்கைனைக் கண்ணில் பயன்படுத்தும் எண்ணத்தை முதலில் தெரிவித்தவர் பிராய்டு எனச் சிலர் எழுதுவர். இது மிகைக்கூற்று. பிராய்டு, லியோபோல்டு கோனிக்ஸ்டைன் என்ற கண் மருத்துவரிடம் கண் நோயின் வலியைத் தணிக்க இது உதவுமா எனப் பார்க்கச் சொல்லியிருந்தார். அறுவைக்கு என்று சொல்லவில்லை. கோனிக்ஸ்டைனும் அதே அக்டோபர் கூட்டத்தில் தம் சோதனைகளை அறிவித்தார். அவர் கொல்லரின் முன்னுரிமையைக் குறிப்பிடத் தவறியபோது, பிராய்டும் யூலியசு வாக்னர்-யவுரெக்கும் தலையிட்டு அதனை ஏற்கச் செய்தனர். பெருமை வேறொருவருக்குச் சென்றதில் பிராய்டுக்கு உள்ளூர வருத்தம் இருந்தது. வருங்கால மனைவியைக் காணச் சென்றதால் வாய்ப்பு நழுவியது என்று பல ஆண்டுகளுக்குப் பின் தம் வரலாற்றில் எழுதினார். எனினும் கண்டுபிடிப்பு கொல்லருடையது என்பதை அவர் மறுத்ததில்லை. நண்பருக்குக் கோகா கொல்லர் என்ற பட்டப்பெயரைச் சூட்டியவரும் அவரே.

ஏப்ரல் 1885இல் பிராய்டின் தந்தைக்குக் கண் அழுத்த நோய்க்கான அறுவை நடந்தது. கோனிக்ஸ்டைன் அறுவை செய்ய, கொல்லர் கோக்கைன் சொட்ட, பிராய்டு உடனிருந்தார். கோக்கைன் கதையின் மூவரும் ஒரே அறையில் இருந்த நிகழ்வு அது.

வாள்சண்டையும் வியன்னாவை விட்டு நீங்குதலும்

ஜனவரி 4, 1885 அன்று, விரலில் காயம் பட்ட ஒருவர் மருத்துவமனைக்கு வந்தார். குருதியை நிறுத்தக் கட்டியிருந்த ரப்பர்ப் பட்டை மிக இறுக்கமாக இருந்ததால் விரல் அழுகிவிடும் நிலை. கொல்லர் பட்டையைத் தளர்த்தினார். பில்ரோத் அறுவைப் பிரிவைச் சேர்ந்த பிரிட்சு சின்னர் என்ற மருத்துவர் நோயாளி தம் பிரிவுக்கு உரியவர் எனத் தகராறு செய்து, கொல்லரை அவரது யூதப் பிறப்பைச் சுட்டி இழிசொல்லால் ஏசினார். கொல்லர் அவரை முகத்தில் அறைந்தார். இருவரும் படையின் சேமப்பிரிவு அலுவலர்கள். அன்றைய வழக்கப்படி வாள்சண்டை தவிர்க்க முடியாததாயிற்று. சண்டையில் சின்னர் காயமுற்றார். கொல்லருக்குக் காயம் இல்லை. சட்டப்படி குற்றமான இச்செயலுக்காக அவர் மீது தொடரப்பட்ட வழக்கு பின்னர் மன்னிப்பில் முடிந்தது.

ஆனால் வியன்னாவில் அவருக்கு எதிர்காலம் இல்லை என்பது தெளிவாயிற்று. உலகக் கண் மருத்துவத்தையே மாற்றிய ஆய்வு கையில் இருந்தும் உதவியாளர் பணி கிட்டவில்லை. இதற்கு வாள்சண்டை மட்டும் காரணம் எனக் கூறிவிட முடியாது. கொல்லர் வளைந்து கொடுக்காத இயல்பினர் என்பதும், அன்றைய வியன்னாவில் யூத எதிர்ப்பு வளர்ந்துவந்தது என்பதும் சேர்த்தே எண்ணத்தக்கவை. 1885இல் நகரை விட்டு நீங்கினார். நெதர்லாந்தின் உத்ரெக்டு நகரில் டாண்டர்சு, ஸ்னெல்லன் ஆகியோரிடம் பணியாற்றினார். இன்று கண் பரிசோதனை அறைகளில் தொங்கும் எழுத்துப் பலகையை வடிவமைத்தவர் இந்த ஸ்னெல்லனே.

அமெரிக்க வாழ்க்கை

1888இல் கொல்லர் நியூயார்க்கில் குடியேறினார். மவுண்ட் சினாய் மருத்துவமனையில் கண் மருத்துவராகப் பணியாற்றியதோடு தனியே மருத்துவமும் செய்தார். 1893இல் லாரா புளும் என்பவரை மணந்தார். அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் லூசியன் ஹோவ் பதக்கத்தை 1922இல் முதன்முதலாக இவருக்கே வழங்கியது. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட போதிலும் அது கிடைக்கவில்லை. மார்ச் 21, 1944 அன்று நியூயார்க்கில் காலமானார். இவரது மகள் ஹார்டென்சு கொல்லர் பெக்கர் 1963இல் வெளியிட்ட விரிவான கட்டுரை இவர் வாழ்க்கையை அறிய முதன்மையான ஆதாரமாக உள்ளது.

அமெரிக்காவில் கொல்லர் அமைதியாக மருத்துவம் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் அவர் திறந்துவிட்ட கதவு வழியே நன்மையும் தீமையும் ஒருங்கே நுழைந்தன.

மருந்தின் மறுபக்கம்

கொல்லர் பயன்படுத்தியது 2 விழுக்காட்டுக் கரைசல். மருந்தளவில் 1 விழுக்காடு என்பது 1 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் என்பதாகும். எனவே 2 விழுக்காட்டில் 20 மில்லிகிராம் இருக்கும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் எனக் கொண்டால் அதில் உள்ள கோக்கைன் 1 மில்லிகிராம் மட்டுமே. சில சொட்டுகளில் வேலை முடிந்துவிடும். உடல் முழுவதற்கும் தீங்கு செய்யும் அளவை அது நெருங்குவதில்லை. கொல்லர் தேர்ந்தெடுத்த உறுப்பு இவ்வகையில் ஒரு நல்வாய்ப்பு எனலாம்.

மற்றவர்கள் அதே மருந்தை ஊசி வழியே ஏற்றியபோது நிலை மாறியது. நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர் நரம்பை ஒட்டிக் கோக்கைனை ஏற்றி ஒரு பகுதி முழுவதையும் மரக்கச் செய்யும் முறையை உருவாக்கினார். தம் உடலிலேயே சோதித்துச் சோதித்து அதற்கு அடிமையானார். வியன்னாவில் பிராய்டின் நண்பர் பிளெய்ஷல்-மார்க்சோவ், மார்பினை விடுவதற்கென்று கொடுக்கப்பட்ட கோக்கைனுக்கு அடிமையாகி 1891இல் மாண்டார். அளவு மிகுந்து வலிப்பும் இறப்பும் நேர்ந்த செய்திகள் மருத்துவ இதழ்களில் வரத் தொடங்கின. கண்ணிலும் குறைகள் தெரிந்தன. கோக்கைன் கண்ணின் பாவையை விரிக்கும். கருவிழியின் மேல்தோலைக் கலங்கச் செய்யும். உணர்வற்ற கண் இமைப்பதைக் குறைப்பதால் அது உலர்ந்தும் போகும்.

மரக்கச் செய்வதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும் என்பதே அடுத்த அறுபது ஆண்டு வேதியியலின் இலக்காயிற்று. பென்சோகைன் 1890களில் வந்தது. ஆல்பிரட்டு ஐன்ஹார்ன் உருவாக்கிய புரோகைன் 1905இல் நோவோகைன் என்ற பெயரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் மேற்பரப்பில் தடவினால் அது ஊடுருவாது. சுவீடனில் நில்ஸ் லாவ்கிரேன் 1943இல் உருவாக்கிய லிடோகைன் ஊசியாகவும் களிம்பாகவும் பயன்பட்டது. இந்தியாவில் லிக்னோகைன் என்றும், சைலோகைன் என்ற வணிகப் பெயரிலும் அறியப்படுவது இதுவே. கொல்லர் இறந்தது அது உருவான மறு ஆண்டில். விற்பனைக்கு வந்தது 1948இல்.

இம்மருந்துகள் அனைத்தும் ஒரே வகையில் செயல்படுகின்றன. நரம்பில் செய்தி மின் துடிப்பாகச் செல்கிறது. சோடியம் அயனிகள் நரம்பிழையின் சுவரிலுள்ள நுண்வாயில்கள் வழியே உள்ளே பாய்வதால் இத்துடிப்பு உண்டாகிறது. மரப்பு மருந்து அவ்வாயில்களை அடைத்துவிடும். காயம் அப்படியே இருக்கும்; அதுபற்றிய செய்தி மூளைக்குப் போகாது. மருந்து குருதியில் மிகுந்தால் இதே வாயில்கள் மூளையிலும் இதயத்திலும் அடைபடும். மேற்பூச்சு மருந்து தோலோடு நின்றுவிடும் என்ற எண்ணம் இதனாலேயே தவறானது.

பாதுகாப்பான பயன்பாடு

லிக்னோகைனை ஊசியாகச் செலுத்தும்போது உச்சவரம்பு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு 3 முதல் 4.5 மில்லிகிராம் என்ற அளவில் கொள்ளப்படுகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 3 மில்லிகிராம் கணக்கில் 30 மில்லிகிராம், அதாவது 2 விழுக்காட்டுக் கரைசலில் ஒன்றரை மில்லிலிட்டர் மட்டுமே. ஒரு தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வாயின் உட்புறம் போன்ற ஈரப்பரப்புகள் மருந்தை விரைந்து உறிஞ்சும் என்பதால், பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் பெரியவருக்கான கூழ்மருந்தைத் தடவுவதன் இடர் இக்கணக்கிலிருந்தே விளங்கும். இவ்வழக்கத்துக்கு எதிராக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. பென்சோகைனைப் பொறுத்தவரை, அது குருதியின் ஆக்சிசன் சுமக்கும் திறனைக் கெடுத்து உதடும் நகமும் நீலம் பாயச் செய்யக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்டோருக்கான பல்முளைப்பு மருந்துகளில் அதனை நிறுத்துமாறு 2018இல் கோரியது.

தோலில் தடவும் களிம்பு உள்ளே புகும் அளவு மூன்றைப் பொறுத்தது: எவ்வளவு பரப்பில், எவ்வளவு நேரம், எத்தகைய தோலில். நெகிழித்தாள் கொண்டு சுற்றினாலும், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலும், தோல் உரிந்தோ புண்ணாகியோ இருந்தாலும் உறிஞ்சல் பன்மடங்காகும். லேசர் மூலம் முடி நீக்குவதற்கு முன், கால்களில் வீரியமான களிம்பைப் பூசி நெகிழித்தாளால் சுற்றிக்கொண்ட இரு இளம்பெண்கள் அமெரிக்காவில் இறந்ததை 2007இல் அந்நாட்டு அமைப்பு வெளியிட்ட அறிவிப்பு குறிப்பிடுகிறது. வாயைச் சுற்றி மரத்தல், நாவில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், தலைசுற்றல், தசைத் துடிப்பு ஆகியவை நஞ்சேற்றத்தின் தொடக்க அறிகுறிகள். இவை தோன்றினால் மருந்தைத் துடைத்தெடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வலிப்பும் இதயத் துடிப்பின் சீர்குலைவும் அடுத்துவரக் கூடியவை. இந்நிலையில் கொழுப்புப் பால்மத்தைச் சிரை வழியே ஏற்றி மருந்தின் வேகத்தைத் தணிக்கும் சிகிச்சை 1998இல் வெளியான எலி ஆய்வுக்குப் பின் உருவானது. 2006 முதல் மனிதரிடமும் வெற்றி கண்டுள்ளது.

தொண்டையோ வாயோ மரத்திருக்கும்போது உண்டால் புரையேறலாம். நாவையும் கன்னத்தையும் கடித்துக்கொள்வதும் நேரும். உணர்வு முழுதும் திரும்பும் வரை, பொதுவாக ஒரு மணி நேரமாவது, பொறுத்திருத்தல் நலம்.

தமிழகத்தில்

சென்னை எழும்பூர்க் கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. அங்கு கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், கண் அழுத்த நோய்க்கு வெண்விழியோரம் சிறு துளையிடும் அறுவை முறையை 1909இல் உருவாக்கினார். நாட்டு வைத்தியர்கள் கூரிய கருவியால் கண்புரையைக் கண்ணுக்குள்ளேயே தள்ளிவிடும் பழைய முறையின் விளைவுகளையும் அவர் ஆராய்ந்து 1917இல் நூலாக்கினார். சுசுருத சம்கிதையிலேயே சொல்லப்பட்ட தொன்மையான முறை அது. கொல்லரின் சொட்டு மருந்து வந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் அது வழக்கில் இருந்தது.

கோ. வெங்கடசாமி மதுரையில் 1976இல் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1997இல் கோயம்புத்தூரிலும் கிளை திறந்தது. கொடுமுடி போன்ற காவிரிக்கரை ஊர்களிலிருந்து கண்புரைக்காகக் கோவைக்குச் செல்லும் முதியவருக்கு இன்று பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. கண்ணருகே ஊசி போட்டோ, நுண்துளை அறுவையாயின் பலருக்கு வெறும் சொட்டு மருந்தாலோ வேலை முடிந்துவிடும். இதற்குப் பயன்படும் புரோபராகைன் 0.5 விழுக்காட்டுச் சொட்டு அரை நிமிடத்துக்குள் மரக்கச் செய்து, ஏறத்தாழ கால் மணி நேரம் நிற்கும். சொட்டு மருந்து கண்ணின் உணர்வை மட்டுமே நீக்கும், அசைவை நிறுத்தாது. ஆகவே நோயாளி ஒளியை நோக்கி அசையாது பார்த்திருக்க வேண்டும். கொல்லர் காலத்தில் முழு மயக்கத்தால் இழந்த அதே ஒத்துழைப்புதான் இது.

இச்சொட்டு மருந்தை நோயாளியின் கையில் கொடுத்தனுப்பக் கூடாது என்பது கண் மருத்துவத்தில் உறுதியான விதி. கோவையின் வார்ப்படச் சாலைகளிலும் லேத், வெல்டிங் பட்டறைகளிலும் பணிபுரிவோருக்கு இது முக்கியமானது. வெல்டிங் ஒளியை வெறுங்கண்ணால் பார்த்த சில மணி நேரத்தில், பெரும்பாலும் இரவில், கண்ணில் மணல் கொட்டியதுபோல் வலி எடுக்கும். இரும்புத்தூள் தெறித்தாலும் அவ்வாறே. பரிசோதனையின்போது மருத்துவர் விடும் ஒரு சொட்டில் வலி மாயமாய் மறைவதைக் கண்டவர் அந்தப் புட்டியையே விரும்புவார். ஆனால் இம்மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் வளர்ந்து மூடுவது தடைபடும். புண் ஆழமாகும். உள்ளே தங்கிய துகளும் உணரப்படாமல் கிடக்கும். சில நாட்களில் கருவிழி கரைந்து துளைபடவும் கூடும். வெல்டிங் ஒளியால் ஏற்பட்ட புண், துகள் ஏதும் இல்லாதபோது, கண்ணை மூடி ஓய்வு கொடுத்து, மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டும் விழுங்கும் வலி மாத்திரையும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் தானே ஆறிவிடும். இரும்புத்துகளாயின் அதனை மருத்துவர் எடுக்க வேண்டும். மரப்புச் சொட்டு அதை எடுக்கும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டுமே உரியது.